கரிச்சான் குடித்த முதல் மடக்கு

தண்ணீருக்கும் மின்னலுக்கும் நிலக்கரிக்கும் வாய் இருந்த காலம் அது. பறவை பேசும், மனிதன் பதில் சொல்வான், இருவரும் சண்டை போட்டால் ஏரி குறுக்கே புகுந்து சமாதானம் செய்யும். எல்லோருக்கும் எல்லோர் பாஷையும் புரிந்ததால் எல்லாம் நியாயமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பேசத் தெரிந்தவர்கள் கூடும் இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பவர்களும் அதிகம்.

அந்தக் காலத்தில் கரிச்சான் குருவி கறுப்பாக இல்லை. கொக்கைவிட வெள்ளையாக இருந்தது. வாலும் இப்போதுபோல் இரண்டாகப் பிளந்திருக்கவில்லை. சின்ன விசிறி மாதிரி ஒரே துண்டாக இருந்தது. பெயரும் வேறு. வெள்ளச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தன் நிறத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏரியில் முகம் பார்த்து இறகு கோதுவதற்கே காலையில் பாதிப் பொழுதைச் செலவழிப்பாள். ஏரிக்கரை வேப்பமரம் ஒன்றில் அவள் குடியிருந்தாள். அந்த மரத்தடிக் குடிசையில் சடையனும் அவன் பெண்டாட்டி மூக்காயியும் இருந்தார்கள்.

அங்கே இருந்தவர்களுக்குப் பொழுது ஓட வேண்டுமென்றால் மூன்று பொருள் வேண்டும். குடிக்க, குளிக்க ஏரித் தண்ணீர். இருட்டினால் வெளிச்சத்துக்கு மின்னல். மின்னல் அப்போது மேகத்தில் குடியிருக்கவில்லை. மேற்கே இருந்த குன்றின் உச்சியில், பாறைப் பிளவுக்குள் சுருண்டு கிடக்கும். பொழுது சாய்ந்ததும் இறங்கி வந்து கூரைக்குக் கூரை ஓர் இழையை விட்டுவைக்கும்; விடிந்ததும் சுருட்டிக்கொண்டு போய்விடும். சோறு பொங்கவும் குளிர் காயவும் நிலக்கரி. அது ஏரிக்கு வடக்கே ஒரு பள்ளத்தில் கிடந்தது. மின்னலின் இழையைத் தொட்டு வைத்தால் பற்றிக்கொள்ளும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வீட்டில் ஒரு வேலை நடக்காது. நாம் மட்டும் என்னவாம்? குழாயில் தண்ணீர் வராத காலையிலும், கரண்ட் போன சாயங்காலத்திலும், விருந்தாளி வந்த அன்று பார்த்து கேஸ் தீர்ந்துபோனாலும் நம் வீட்டில் என்ன கூத்து நடக்கிறது என்று நமக்கே தெரியும்.

இந்த மூன்றையும் முதலில் கண்டு சொன்னவர் பருந்து. அதை மறைக்கக் கூடாது. மழை பொய்த்து, மனிதரும் மாடும் பறவையும் தண்ணீர் தேடி அலைந்தபோது, உயரே பறந்துபோய் இந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்து வழி காட்டினார். கரிப்பள்ளத்தையும் மின்னல் குன்றையும் காட்டியவரும் அவர்தான். எல்லோரும் கூடிப் பேசி, அவருக்கு முதல் மரியாதை செய்வது என்று முடிவெடுத்தார்கள். தினமும் ஏரியில் முதல் மடக்கு அவர் குடிக்க வேண்டும். பள்ளத்தில் முதல் துண்டு அவருக்கு. மின்னலின் முதல் இழை அவர் கூட்டுக்கு. அதன் பிறகே மற்றவர்கள். இப்படி எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், கிளிகள் பாட்டுப் பாடின. இனி அவரைப் பருந்து என்று சொல்லக் கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

நம் ஆட்களிடம் இது ஒரு பெரிய கோளாறு. ஒருவருக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "எதுவரைக்கும்?" என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை தெரியாதவன் என்று பெயர் வந்துவிடுமே.

ஆரம்பத்தில் பெரியவர் விடியும்போதே வந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போய்விடுவார். "எனக்காக நிக்காதீங்கப்பா" என்றுகூடச் சொல்லுவார். பிறகு வெயில் ஏறிய பின் வந்தார். அதற்கும் பிறகு, கிளிகள் போய்ப் பாடி அழைத்தால்தான் வருவேன் என்றார். பாடப் போன கிளிகளில் ஒன்று தும்மிவிட்டால், சகுனம் சரியில்லை என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். தான் கூப்பிடாமல் மின்னல் இறங்கக் கூடாது என்றார். ஏரிக்கரையில் கொக்கைக் காவலுக்கு நிறுத்தினார். கொக்குக்கு அந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்துப்போனது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "பெரியவர் இன்னும் வரலை" என்று சொல்வதே அதற்கு முழுநேர வேலை. எதிரே ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கும். எருமையும் மானும் முயலும் மனிதரும் நாக்கு வறண்டு கரையில் நிற்பார்கள்.

இதற்குள் ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. பெரியவர் வாய் வைக்கும் முன்பு வேறு யாராவது குடித்தால் ஏரி வற்றிவிடுமாம். முதல் துண்டை வேறு யாராவது எடுத்தால் கரிப்பள்ளம் மூடிக்கொள்ளுமாம். யார் சொன்னது என்று கேட்டால் கொக்கு கிளியைக் காட்டும், கிளி கொக்கைக் காட்டும். நிஜமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏரி வற்றிப்போனால் யார் பதில் சொல்வது?

மூக்காயியின் முதல் பிள்ளை இதில்தான் செத்தது.

இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வருஷம், தவழுகிற வயதில், அந்தப் பிள்ளைக்கு ஒருநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. நனைத்த துணியை நெற்றியில் போட வேண்டும், வாயில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். வீட்டில் பானை காலி. சடையன் ஏரிக்கு ஓடினான். கொக்கு மறித்தது. பெரியவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சடையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உச்சி வெயிலில் பெரியவர் வந்து, ஒரு மடக்குக் குடித்து, மீசை இல்லாத வாயைத் துடைத்துக்கொண்டு போனார். சடையன் துணியை நனைத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் வந்தபோது பிள்ளையின் நெற்றி ஆறிப்போயிருந்தது.

"விதி" என்று ஊரில் சொன்னார்கள். வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளச்சி அத்தனையையும் பார்த்திருந்தாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவள் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

மூக்காயி மறுபடி உண்டானாள். தை மாதம், பனி கொட்டுகிற நாட்கள், வயிறு இறங்கி நின்றது. பிரசவம் பார்க்க சடையனின் அக்கா வீராயி வந்து தங்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவருக்குக் கோபம் வந்தது. விஷயம் ஒன்றுமில்லை. காலையில் அவர் குடிக்கக் குனிந்தபோது ஓர் எருமைக் கன்று தாயிடமிருந்து நழுவி, துள்ளிக் குதித்து, ஏரிக்கரைச் சேற்றில் விழுந்துவிட்டது. தண்ணீரில் அலை எழும்பி, பெரியவர் மூக்கில் பட்டது. அவ்வளவுதான்.

"மரியாதை கெட்டுப் போச்சு," என்றார் பெரியவர். தாய் எருமை முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டது. கிளிகள் பாடின. அவர் சிறகை உதறினார். "இன்னைக்கு எனக்குத் தாகம் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குன்றுக்குப் பறந்துபோனார்.

அவருக்குத் தாகம் இல்லாததால் அன்று யாரும் குடிக்கவில்லை. அவர் கரித்துண்டு எடுக்க வராததால் எந்த அடுப்பும் பற்றவில்லை. அவர் கூப்பிடாததால் சாயங்காலம் மின்னலும் இறங்கவில்லை. ஊர் முழுக்க இருட்டில், பட்டினியில், தாகத்தில் படுத்தது. இத்தனைக்கும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. "பெரியவரைக் கோபப்படுத்தலாமா?" என்று கன்றுக்குட்டியைத்தான் திட்டினார்கள். எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் கிழக்கு வெளுப்பதற்குச் சற்று முன்பு மூக்காயிக்கு வலி எடுத்தது.

"தண்ணி," என்றாள். "மதினி, ஒரு வாய் தண்ணி குடுங்க."

கொடுக்க ஒரு சொட்டு இல்லை. வீராயி வாசலுக்கு வந்து தம்பியைப் பிடித்தாள். "ஏலே சடையா, உள்ளே கும்மிருட்டா இருக்கு. தலை முன்னால வருதா கால் முன்னால வருதான்னே எனக்குத் தெரியலை. குளிர்ல என் கை வெறச்சுக் கெடக்கு. வெளிச்சம் வேணும், வெந்நி வேணும். இல்லைன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்லை."

"கொக்கய்யாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்க்கா," என்றான் சடையன். "விடிஞ்சதும் கிளிகளை அனுப்பி, கோபம் தணிஞ்சிருக்கான்னு கேட்டுச் சொல்றேன்னாரு."

உள்ளேயிருந்து மூக்காயியின் குரல் வந்தது. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "போன தடவையும் இப்படித்தான் கேட்டுட்டு நின்னாரு."

மரத்திலிருந்த வெள்ளச்சிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விருட்டென்று இறங்கி வந்து சடையன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, பானையை எடுங்க. ஏரிக்குப் போவோம்."

"பெரியவர் இன்னும் எந்திரிக்கலையே தாயி."

"பெரியவர் தூங்குறாரு. புள்ள முழிச்சிருச்சு. யாரைப் பாக்கணும்?"

சடையன் கோழை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் கண் கலங்கியிருந்தது. "ஏரி வத்திப்போச்சுன்னா என்ன பண்றது? என் ஒரு வீட்டுக்காக ஊரையே சாகடிக்கவா? நானும்தானே வாக்குக் கொடுத்திருக்கேன்."

வெள்ளச்சி சற்று யோசித்தாள். "சரி. நீங்க வாக்கை மீற வேணாம். பானையோட வந்து கரையில நில்லுங்க. மீறுறதை நான் மீறிக்கிறேன்."

ஏரிக்கரையில் தாகத்தில் தூக்கம் வராத கூட்டம் அப்போதே சேர்ந்திருந்தது. எருமைகள், மான்கள், நாலைந்து நரிகள், முயல்கள், குடத்தோடு பெண்கள். கொக்கு வெள்ளச்சியைப் பார்த்ததும் கழுத்தை நீட்டியது.

"பெரியவர் இன்னும் வரலை."

"தெரியும்," என்றாள் வெள்ளச்சி.

"முதல் மடக்கு அவரோடது."

"அதைத்தான் எடுக்க வந்திருக்கேன்."

இத்தனை வருஷத்தில் கொக்கிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. திறந்த அலகை மூட மறந்து அப்படியே நின்றது.

வெள்ளச்சி தண்ணீருக்கு மேலே வந்து கேட்டாள். "ஏரியம்மா, நேராச் சொல்லு. பெரியவருக்கு முன்னால நான் குடிச்சா நீ வத்திருவியா?"

"இதை என்கிட்ட யாருமே கேட்டதில்லையே," என்றது ஏரி. "மழை பெஞ்சா நிறைவேன். வெயில் அடிச்சா குறைவேன். முதல்ல குடிச்சது யாரு, கடைசியில குடிச்சது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்?"

வெள்ளச்சி இறக்கையை மடக்கிக்கொண்டு நேராகத் தண்ணீரில் விழுந்தாள். அலகு நிறைய ஒரு மடக்கு அள்ளினாள். மேலே வந்து, எல்லோரும் பார்க்க, தலையை அண்ணாந்து விழுங்கினாள்.

எல்லோரும் ஏரியையே பார்த்தார்கள். ஏரி இருந்த இடத்தில் இருந்தது.

"கேட்டுக்குங்க," என்றாள் வெள்ளச்சி. "முதல் மடக்கை நான் குடிச்சுட்டேன். திருட்டுன்னா என் திருட்டு. பாவம்னா என் பாவம். நீங்க பெரியவருக்கு வாக்குக் கொடுத்தது முதல் மடக்குக்குத்தான். அது என் வயித்துக்குள்ள போயாச்சு. இனிமே இதுல இருக்கிறதெல்லாம் ரெண்டாவது மடக்கு. அது யாருக்குன்னு யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாய் எருமை மெதுவாகச் சொன்னது: "அது சொல்றதும் நியாயமாத்தான் படுது." அதற்குள் கன்று தண்ணீரில் முகத்தை விட்டிருந்தது. அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. சடையன் பானையை நிறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கொக்கு மட்டும் "பெரியவர் இன்னும் வரலை, பெரியவர் இன்னும் வரலை" என்று சொல்லிக்கொண்டே, யாரும் பார்க்காத நேரத்தில் தானும் ஒரு வாய் குடித்துக்கொண்டது.

வெள்ளச்சி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. பச்சைத் தண்ணீரில் பிள்ளையைக் கழுவ முடியாது. தைப் பனியில் அது விறைத்துப் போகும். நேரே கரிப்பள்ளத்துக்குப் பறந்தாள். அலகோரத்தில் ஒட்டியிருந்த ஒரு சொட்டுத் தண்ணீரை உதறக்கூட அவளுக்கு நேரமில்லை.

பள்ளத்தில் மேலாகக் கிடந்த கரி முழுக்கப் பெரியவர் அள்ளிக்கொண்டு போய்க் குன்றில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்தார். எரிக்கவில்லை, சும்மா குவித்து வைத்திருந்தார். மிச்சம் இருந்தது அடியில், ஆழத்தில். ஒரு குருவி நுழையும் அளவுக்குத்தான் இடுக்கு.

"ஒரு துண்டு வேணும்," என்று இடுக்கில் குனிந்து சொன்னாள்.

உள்ளேயிருந்து நிலக்கரி பேசியது. மண்ணுக்குள் ரொம்ப காலம் கிடந்தவர்கள் பேசுவது மாதிரி நிதானமாகப் பேசியது. "நான் ஒரு காலத்துல காடா இருந்தவன். என் இலையில வெயில் பட்டிருக்கு, என் கிளையில உன்னை மாதிரி குருவிங்க உக்காந்திருக்கு. அப்படியே விழுந்து, புதைஞ்சு, அமுங்கி, இந்த நிறத்துக்கு வந்து சேர எத்தனை காலமாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அடுப்புக்குக் கேட்டா தாரேன். குவிச்சு வைக்கக் கேட்டா தரமாட்டேன்."

"அடுப்புக்குத்தான். ஒரு பொம்பளைக்கு வலி எடுத்திருக்கு. வெந்நி வைக்கணும்."

"அப்ப உள்ள வந்து எடுத்துக்க. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். என் கறுப்பு ஒட்டினா போகாது. ஏரி முழுக்க முங்கி எழுந்தாலும் போகாது. அப்புறம் ஒருத்தரும் உன்னை வெள்ளச்சின்னு கூப்பிட மாட்டாங்க."

வெள்ளச்சி ஒரு கணம் தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தமே இல்லை, சந்தோஷமாக நுழைந்தாள் என்று சொன்னால் அது பொய். எவ்வளவு ஆசையாய்க் கோதிக் கோதி வைத்திருந்த வெள்ளை.

"கூப்பிடாட்டிப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

வெளியே வந்தபோது தலை முதல் வால் வரை கன்னங்கரேல் என்று இருந்தாள். அலகோரத்தில் அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்த இடத்தில் மட்டும் கரி ஒட்டவில்லை. கடுகத்தனை வெள்ளை அங்கே மிஞ்சியது. அலகில் முதல் துண்டு இருந்தது. பானையை வீட்டில் வைத்துவிட்டுக் கூடையோடு ஓடி வந்திருந்த சடையன், இந்தக் கறுப்புப் பறவை யார் என்று தெரியாமல் விழித்தான்.

"நாந்தான் அண்ணே. முதல் துண்டு எடுத்தாச்சு. நீங்க அடுப்புக்கு வேண்டியதை மட்டும் அள்ளுங்க," என்று துண்டை அவன் கூடையில் போட்டுவிட்டுக் குன்றை நோக்கிப் பறந்தாள்.

குன்றின் உச்சியில் பெரியவரின் கூடு. அதற்கு நாலு முழம் கீழே பாறைப் பிளவு. பெரியவர் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. வெள்ளச்சி பிளவுக்குள் எட்டிப் பார்த்தாள். சுருண்டு கிடந்த மின்னல் ஒரு கண்ணைத் திறந்தது.

"அவர் கூப்பிடாம நான் இறங்கக் கூடாது."

"உன்னை யாராவது கட்டிப் போட்டிருக்காங்களா?"

மின்னல் தன் உடம்பைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டது. "கட்டியெல்லாம் போடலை. பழகிப்போச்சு."

"பழக்கத்தை நாளைக்கு வச்சுக்கலாம். இப்ப வா."

"வந்தா நீ முழுசாப் போய்ச் சேர மாட்டே," என்றது மின்னல். அதன் குரலில் நிஜமான கவலை இருந்தது. "பொழுது சாயுற நேரம்னா நானாவே இறங்கி வந்துருவேன், விடியப்போற நேரத்துல யாராவது தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு. உன்னை மாதிரி சின்ன உடம்பு என்னைத் தூக்கிட்டுப் பறந்தா பிளந்துரும்."

"எல்லாம் பிளந்துருமா?"

"தொட்ட இடம் பிளந்துரும்."

வெள்ளச்சி திரும்பி வாலை நீட்டினாள். "இதைப் பிடி. இது இல்லாட்டியும் பறந்துக்குவேன்."

மின்னல் வாலைப் பிடித்தது. சுரீர் என்று ஒரு வலி. வால் நடுவே கிழிந்து, ஒன்று வலப்பக்கமும் ஒன்று இடப்பக்கமுமாக வளைந்து நின்றது. உயிர் போய்த் திரும்பியது அவளுக்கு. அலறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு என்று சொல்லலாம் என்றால் குருவிக்குப் பல் ஏது. எதையோ கடித்துக்கொண்டு பறந்தாள். அவள் பின்னால் வெளிச்சம் நூல் பிரிவதுபோல் குன்றிலிருந்து குடிசை வரைக்கும் நீண்டுகொண்டே வந்தது.

கூரையில் இழை விழுந்தது. அடுப்பில் கரி பற்றியது. பானை சூடேறியது. மூக்காயி ஒரு வாய் குடித்தாள். வீராயி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "கால்தான் முன்னால வருது. நல்லவேளை வெளிச்சம் வந்துச்சு. பயப்படாதே தாயி, திருப்பிருவேன்" என்று கையை வெந்நீரில் நனைத்தாள். வெள்ளச்சி வாசலில் பொத்தென்று விழுந்தாள்.

அந்த வெளிச்சத்தில் பெரியவர் விழித்துக்கொண்டார். தன் கூட்டில் இருட்டு, ஒரு குடிசையில் வெளிச்சம். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. குன்றிலிருந்து இறங்கி வந்து குடிசைக்கு எதிரே கல் மீது உட்கார்ந்தார். ஏரிக்கரைக் கூட்டம் முழுவதும் பின்னால் வந்து நின்றது.

"யார் செஞ்சது?" என்றார்.

"நாந்தான்," என்று கீழே கிடந்தபடியே சொன்னாள் அவள்.

"நீ யாரு? உன் பேரென்ன?"

"நேத்து வரைக்கும் வெள்ளச்சி. இப்ப என்ன நிறத்துல இருக்கேனோ அதை வச்சு நீயே கூப்பிட்டுக்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பெரியவரை யாரும் 'நீ' என்று சொல்லிக் கேட்டதில்லை. கொக்கு அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"நான் காட்டின ஏரி," என்றார் பெரியவர். "நான் காட்டின கரி. நான் காட்டின வெளிச்சம்."

"காட்டினே. கும்பிட்டோம். இன்னும் ஒருதடவை வேணும்னாலும் கும்பிடுறேன். ஆனா காட்டினவன்தான் நீ. தண்ணியை நீ பெத்துப் போடலை."

பெரியவர் அவளிடம் மேற்கொண்டு பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். குரலில் கோபமே இல்லை. வெகு சாந்தமாகச் சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. நான் பெரிசு பண்ணலை. இந்தத் தீயை அணைச்சிருங்க. அந்தப் பானையைக் கவுத்துருங்க. வெளிச்சம் குன்றுக்குப் போகட்டும். நான் போய் முதல் மடக்குக் குடிச்சிட்டு வாரேன். அப்புறம் எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் பொறுத்துக்க மாட்டீங்களா?"

இப்படிச் சாந்தமாகப் பேசுகிறவர்களிடம்தான் நாம் தோற்போம். கூட்டம் தலையை ஆட்ட ஆரம்பித்திருந்தது. கிளி ஒன்று தொண்டையைச் செருமிப் பாட்டுக்குத் தயாரானது. உள்ளே வீராயி, "யாரும் வெளிச்சத்துல கை வைக்காதீங்க, பாதி திருப்பியிருக்கேன்" என்று கத்தினாள்.

சடையன் வாசலில் நின்றான். வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். பெரியவர் அவனைப் பார்த்தார். "என்ன சடையா?"

சடையன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். இரண்டு கையையும் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டான்.

"பானையைக் கவுக்க முடியாதுங்க," என்றான்.

அந்த 'ங்க' அவன் வாயிலிருந்து போகவில்லை. போகாவிட்டால் என்ன, வாசலை விட்டும் அவன் போகவில்லை.

பெரியவர் கல்லிலிருந்து எழும்பினார். நகங்களை விரித்துக்கொண்டு, கூரையில் கிடந்த மின்னல் இழையைப் பறிக்கப் பாய்ந்தார். அப்போது தரையில் கிடந்த கறுப்புக் குருவி எழுந்தாள். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவர் பாய்வதைவிட வேகமாய் மேலே ஏறி, அவர் தலைக்கு மேலே போய், பிடரியில் ஒரு கொத்துக் கொத்தினாள். பெரியவர் திரும்பினார். அவர் திரும்புவதற்குள் அவள் மறுபக்கம் போயிருந்தாள். வால் ஒரே துண்டாக இருந்தபோது அவளால் இப்படித் திரும்ப முடிந்ததில்லை. பிளந்த வால் இடமும் வலமும் காற்றை வெட்டிக் கொடுத்தது. இன்னொரு கொத்து. இறகு ஒன்று பிய்ந்து சுழன்று விழுந்தது. பெரிய இறக்கையை அடித்துக்கொண்டு அவர் மேலே ஏறினார், அவளும் ஏறினாள். ஏரியைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, குன்றையும் தாண்டித் துரத்தினாள். கீழே நின்றவர்களுக்கு ஒரு பெரிய புள்ளியும் அதன் தலைக்கு மேலே ஒரு சின்னப் புள்ளியும்தான் தெரிந்தன.

அவள் திரும்பி வந்து வேப்பமரத்தில் உட்கார்ந்தபோது குடிசைக்குள் பிள்ளை அழுதது. வீச்சென்று, ஊருக்கே கேட்கும்படி அழுதது. சடையன் வாசலிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அவனும் அழுதான்.

பொழுது விடிந்தது. கூட்டம் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாலை கட்டிக்கொண்டு வந்தது. கிளிகள் புதுப் பாட்டு ஒன்றைத் தயார் செய்திருந்தன. கொக்குதான் முன்னால் வந்து குனிந்தது. "இனிமே முதல் மடக்கு உங்களோடது. நீங்க குடிச்ச பெறகுதான் நாங்க. உங்க வசதிப்படி எப்ப வேணும்னாலும் வரலாம்."

அவளுக்கு வந்த கோபம் பெரியவர் மேல் வந்ததைவிடப் பெரிசு. "கொடுத்துக் கொடுத்துத்தானே கெட்டீங்க? இன்னும் புத்தி வரலையா? மாலையை எருமைக்குப் போடுங்க, தின்னாவது தொலைக்கும். எனக்காக எவனாவது கரையில நின்னான்னு தெரிஞ்சா அவன் தலையிலயும் கொத்துவேன்."

வானத்தில் வெகு உயரத்திலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "இன்னைக்குப் போச்சு. நாளைக்கும் முதல் மடக்கு உண்டு. அது என்னோடது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்."

கூட்டம் நடுங்கியது. வாக்கு ஒருநாளைக்கானது இல்லை, தினமும் விடிந்தால் புதிதாகிற வாக்கு, அது நிஜம்தான்.

கறுப்புக் குருவி அண்ணாந்து பார்த்தாள். "வா. உனக்கு முன்னால நான் எந்திரிச்சிருப்பேன்," என்றாள்.

குடிசைக்குள்ளிருந்து மூக்காயி மெதுவாக எழுந்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மரத்தில் இருந்தவளைப் பார்த்தாள். கரி அப்பிய உடம்பையும் கிழிந்த வாலையும் பார்த்தாள். "அடி என் கரிச்சானே," என்றாள். வெள்ளச்சி என்ற பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை, அவளும் தேடவில்லை.

அந்த விடியலுக்குப் பிறகுதான் கரிச்சானுக்குக் கறுப்பு உடம்பும், இரட்டை வாலும், அலகோரத்தில் கடுகத்தனை வெள்ளையும். மற்றப் பறவைகள் கண் விழிக்கும் முன்பே, இருள் பிரியாத நேரத்தில் அதன் குரல் முதலில் கேட்பதும் அதனால்தான். தண்ணீரில் விழுந்து எழுந்து ஒரு மடக்குக் குடித்துவிடும். அன்றைக்கு யாரும் யாருக்காகவும் கரையில் நிற்க வேண்டியதில்லை. இனி எவர் கூட்டுக்கும் கீழே கிடக்க மாட்டேன் என்று மின்னல் குன்றை விட்டு மேகத்தில் குடியேறியது. காலம் போய், மனிதன் கம்பியில் வெளிச்சத்தை ஓட விட்டான், குழாயில் தண்ணீரை வரவழைத்தான், பூமியைத் தோண்டிக் கரியும் எண்ணெயும் எடுத்தான். கரிச்சானும் மரத்திலிருந்து கம்பிக்கு மாறி உட்கார்ந்தது. காடோ வயலோ எங்கே தீ எரிந்தாலும் வந்து பார்க்கிறது. சின்னப் பறவைகள் அதன் மரத்தைத் தேடி வந்து கூடு கட்டுகின்றன. பருந்து உயரத்திலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது. எப்போதாவது கீழே இறங்கினால், கையளவு கறுப்புக் குருவி ஒன்று அதன் பிடரியில் கொத்திக் கொத்தி விரட்டிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு மூக்காயியின் பிள்ளை உயிரோடு அழுத சத்தத்தைக் கேட்டதற்குப் பிறகு, எந்தக் கரிச்சானும் எந்தப் பெரியவருக்காகவும் காத்து நின்றதில்லை.